ஈயக்கம்பியில் எடுத்த வளைவு

மூன்றாம் முறை முறிந்த தண்டைச் சாக்கில் சுற்றி
கொட்டகலைப் பட்டறை வாசலில் போட்டுவிட்டுப் போனது
தூள் மணக்கும் லொறி.
ரோலரின் கிராங்க் தண்டு.
என் மணிக்கட்டை விடக் கொஞ்சம் தடிப்பு.
முறிந்த முகத்தை டீசலில் துடைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

ஓரத்தில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி.
அதைச் சுற்றி வரி, வரியைச் சுற்றி வரி,
மலையை அணைத்து வெட்டிய கான்களைப் போல.
எதிர் ஓரத்தில் மட்டும்
சீனிக்கட்டி உடைந்த சொரசொரப்பாய் ஒரு பிறை.
பிறை, கடைசி ராத்திரி.
மிச்சமெல்லாம் நாலு மாதம்.

“இந்த முறை இன்னும் தடிப்பாப் போடுங்க மிஸ்”
போனில் ரணவக்க மாத்தயா.
முதல் முறிவுக்கும் தடிப்பாக்கினார்கள்,
இரண்டாம் முறிவுக்கும்.
உடம்புதான் தடித்தது.
தோள் அதே செங்கோணம்,
உளி நின்று திரும்பிய இடத்தில்
அதே நகக்கீறல்.

இரும்பு களைத்துவிட்டது என்றேன்.
“மெடிக்கல் கேக்குதா?” என்று சிரித்தார்.
இரவு முறையில் ரோலருக்கு இலை கொட்டும் குணவதி
இதைக் கேட்டால் சிரிக்கமாட்டாள்
என்று எழுதத்தான் ஆசை.
சொன்னேன். அவளும் சிரித்தாள்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

லயத்துச் சுவரைப் பாருங்கள்.
விரிசல் நடுச்சுவரில் பிறப்பதில்லை,
ஜன்னல் மூலையில் பிறந்து சாய்வாய் ஏறும்.
சுமைக்குத் திடீர்த் திருப்பம் ஆகாது,
மூலை கண்ட இடத்தில் முண்டியடிக்கும்.

மடிக்கணினியில் தண்டை வலையாய் அரிந்தேன்.
தோளின் மூலை மிளகாய்ச் சிவப்பு.
பெரிய வளைவுக்கு இடமில்லை,
பெயரிங் விட்டது பதினொரு மில்லிமீட்டர்.
அதற்குள் கால்வட்டம் வைத்தேன்.
சிவப்பு வெளுத்தது, போகவில்லை,
வட்டம் முடிந்து தண்டில் சேரும் இடத்தில்
நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.
அதோடு கரண்டும் போனது.

வெளியே தூறல். வேலியோரம் சவுக்கு மரம்.
என்ன நினைத்துப் போனேனோ,
கிளை பிரியும் கவட்டில்
பற்றவைக்கும் ஈயக்கம்பியை அழுத்தி
வளைந்தபடியே கழற்றி வந்து
கிராப் தாளில் வைத்துப் பென்சில் ஓட்டினேன்.

வட்டம் இல்லை அது.
தோளருகே ஒரு அவசரம்,
பிறகு நிதானம், பிறகும் நிதானம்,
எங்கே முடிந்தது என்று
விரலுக்கே தெரியாத நிதானம்.
காற்று இழுத்த இடத்தில் கொஞ்சம் சதை போட்டு,
இழுக்காத இடத்தில் போடாமல்,
முப்பது வருசமாய்த்
திருத்தித் திருத்திப் போட்ட கணக்கு.

லேத்தில் மரியதாசன் முனகினான்:
“நல்ல இரும்பச் செதுக்கி எறிஞ்சா பலம்ங்கிறீங்க.”
தடித்த பக்கத்திலும் ஒரு பள்ளம் சுரண்டச் சொன்னேன்,
சுமை முன்கூட்டியே திரும்பப் பழகட்டும் என்று.
முந்நூற்று நாற்பது கிராம்
நீலச் சுருளாய் விழுந்தது.
கடைசியில் எண்ணெய்த் தாளால் மெருகு.
சுற்றுவாக்கில் தேய்த்தவனின் கையைப் பிடித்து நிறுத்தினேன்,
நீளவாக்கில், நீளவாக்கில்.
அவனுக்கு அன்று என்மேல் கோபம்.

நிமிசத்துக்கு நாற்பத்தைந்து சுற்று,
நாளுக்குப் பதினாலு மணி.
மாதம் ஒன்பதரை லட்சம்.
பழையது முப்பத்தெட்டு லட்சத்தில் விழுந்தது.
இது பதினோராம் மாதம்
கோடி தாண்டியிருக்க வேண்டும்.
யாரும் போன் பண்ணவில்லை.
முறியாத தண்டுக்கு யார் லொறி அனுப்புவார்?

பாக்கிப் பணம் கேட்டு நான்தான் எடுத்தேன்.
“எந்தத் தண்டு மிஸ்?” என்றார் ரணவக்க மாத்தயா,
உண்மையாகவே மறந்த குரலில்.
அவருக்குப் பின்னால் ரோலர் ஓடும் சத்தம்.
“கொஞ்சம் லைன்ல இருங்க” என்றேன்.
எண்ண ஆரம்பித்தேன்.